பேசுவாரற்றவர்க்குப் பேசுதல்

குடித்து வண்டி ஓட்டியவனுக்காகவும், கஞ்சா வைத்திருந்தான் என்று பிடிபட்டவனுக்காகவும் நீதிமன்றத்தில் வாதாடுதல் அறமாகுமா? சென்ற பருவத்தில் எம் விடுதியில் நிகழ்ந்த சொற்போருக்கு இவ்வினாவே பொருளாக வைக்கப்பட்டது. ‘ஆகாது’ என்ற கட்சி பெருவாரியான கைகளைப் பெற்று வென்றது. தோற்ற கட்சியில் யாம் பேசினோம். அன்று நேரம் போதாமையாற் சொல்லாது விட்டவற்றை இவ்வாண்டு மலரின் வாயிலாக நண்பர்கள் முன் வைக்கத் துணிந்தோம். இளமையின் பிழை காணின் பெரியோர் பொறுத்தருள்க.

வென்ற கட்சியில் நிற்பதற்கு எமக்கு மற்றெவரினும் மிகுந்த காரணம் உண்டு. எம் ஊர் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே உள்ள ஒரு சிற்றூர். எம் பாட்டனார் காலத்தில் ஏரிப் பாசனமும் நெல் வயலுமாய்க் கிடந்த நிலம் இன்று ஆலைகளின் நெடுமதில்களாய் நிற்கின்றது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு ஹூண்டாய் ஆலையிற் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010-ஆம் ஆண்டில் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. பின்னர் டைம்லர் லாரிகளும் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்களும் அங்கே பிறக்கலாயின. வண்டிகளைச் செய்து உலகுக்கு அனுப்பும் நாடே வண்டிகளுக்கு அஞ்சி நடக்கும் நாடும் ஆயிற்று. ஷிப்டு மாறும் வேளைகளில் சாலையைக் கடப்பது ஆற்று வெள்ளத்தைக் கடப்பது போலும்.

2018-ஆம் ஆண்டு மார்கழித் திங்களில் ஒரு நாள் விடியற்காலை, எம் பெரிய தந்தையார் பால் கேன்களைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு சாலையோரமாகச் சென்றார். பின்னே வந்த வேன் ஒன்று அவரை மோதித் தள்ளியது. அன்று மாலையே அவர் உயிர் நீத்தார். வேன் ஓட்டியவன் வாயில் மது நாற்றம் வீசியதென்று ஓடிச்சென்று தூக்கிய ஊரார் அனைவரும் கூறினர்.

வழக்கு விசாரணைக்கு வந்த நாளில் பெரிய தாயாரின் கையைப் பற்றிக்கொண்டு யாமும் நீதிமன்றம் சென்றோம். எதிரியின் வழக்கறிஞர் உரத்துப் பேசவில்லை. மருத்துவரை மூன்று கேள்விகளே கேட்டார். கைதான எத்தனை மணி நேரத்துக்குப் பின் இவரை உம்மிடம் கொணர்ந்தனர்? இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினீரா? அனுப்பவில்லையெனின் இவர் குடித்திருந்தார் என்பதை எதனால் துணிந்தீர்? ஐந்து மணி நேரம் கழிந்திருந்தது, இரத்தம் எடுக்கப்படவில்லை, நாற்றத்தாலும் தள்ளாட்டத்தாலும் துணிந்ததாக மருத்துவர் விடையிறுத்தார். முடிவில் கவனமின்றி ஓட்டி உயிர்ச்சேதம் விளைத்த குற்றம் நிலைத்தது; அதற்குரிய சிறைத் தண்டனையும் கிடைத்தது. குடித்து ஓட்டிய குற்றம் மட்டும் மெய்ப்பிக்கப்படாது வீழ்ந்தது. பெரிய தாயார் மன்றத்துள் ஒரு சொல்லும் பேசவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று, “அந்த வக்கீலுக்குப் பிள்ளை குட்டி இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

அவ்வழக்கறிஞரைப் பல்லாண்டு யாம் வெறுத்தோம் என்பதை மறைப்பானேன்? கல்லூரிக்கு வந்த பின்னரே அத்தீர்ப்பின் படியைப் பெற்று முழுதும் படித்தோம். அதில் நடுவர் கடிந்துரைத்தது வழக்கறிஞரை அன்று. செய்ய வேண்டிய சோதனையைச் செய்யாது விட்டவர்களையே. எம் சினம் இத்தனை ஆண்டும் தவறான வாயிலில் நின்று கதவைத் தட்டியதென்பது அன்றே விளங்கிற்று.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு கூறுவதைக் கேண்மின். ஓட்டுவோனின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருத்தல் குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், முதன்முறைக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மறுமுறைக்கு இரண்டாண்டு வரை சிறையோ, 15,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இக்குற்றத்துக்காகப் பிடியாணையின்றிக் கைது செய்யப்பட்டவனை இரண்டு மணி நேரத்துள் மருத்துவர் சோதிக்க வேண்டும் என்று 202-ஆம் பிரிவு கட்டளையிடுகின்றது. இவ்வெல்லை வீண் சடங்கன்று. உடலானது நாழிகைதோறும் மதுவைக் கரைத்துக்கொண்டே இருக்கின்றது. காலந்தாழ்த்தால் குற்றவாளியும் தப்புவான். குற்றமற்றவனும் தன் தூய்மையைக் காட்டும் வழியை இழப்பான். நாற்றமும் தள்ளாட்டமும் குழறிய பேச்சும் மட்டும், இரத்தச் சோதனை இல்லாதபோது, குடிபோதையை ஐயமற நாட்டப் போதாவென்று உச்ச நீதிமன்றம் 1971-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துள்ளது. தலையில் அடிபட்டவனும் தள்ளாடுவான். சர்க்கரை குறைந்தவனும் குழறுவான். இரவு முழுதும் விழித்து இயந்திரத்தின் முன் நின்றவனுடைய கண்ணும் சிவக்கும். வாய் கொப்பளிக்கும் மருந்து நீரில் மது கலந்திருப்பின், மூச்சுக் கருவி சில நிமிடங்கள் வரை அதனையும் குடியெனவே காட்டும். ஆகவே கருவி செம்மையாய் இருந்ததா, எப்பொழுது சோதித்தீர், அச்சிட்ட சீட்டு எங்கே என்று ஒருவர் கேட்டே ஆக வேண்டும். கேட்பார் உளர் என்ற அச்சமே சோதிப்போரைச் செம்மையாகச் சோதிக்கச் செய்யும். அன்று அதிகாலை அவ்வச்சம் இருந்திருப்பின், எம் பெரிய தந்தையாரின் வழக்கில் அந்த இரத்தம் எடுக்கப்பட்டிருக்கும்.

இனிக் கஞ்சா வழக்கை நோக்குவோம். எம் ஊர்ப்புறத்தில் ஒடிசா, அசாம், பீகார், மேற்கு வங்காளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்த இளைஞர் பலர் ஓர் அறைக்கு அறுவரும் எண்மருமாய் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். பகல் ஷிப்டுக்காரர் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரர் படுக்கின்றனர். அத்தகைய அறையில் ஒரு பொட்டலம் அகப்படின் அஃது எவருடையது? ஒருவனுடையதாக இருக்கலாம், அறுவரும் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்படலாம். அவர்கள் தமிழ் அறியார். தமிழில் எழுதிய தாளில் அவர்கள் இடும் கையெழுத்து, தாம் அறியாத ஒன்றுக்குத் தாமே சாட்சி கூறியதாகும்.

1985-ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டம் கடுமையானது. கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைந்தால் ஓராண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. 20 கிலோவுக்கு மேற்படின் பத்தாண்டுக்குக் குறையாத கடுங்காவலும் ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமும் உண்டு. அது இருபதாண்டு வரையும் நீளலாம். அவ்வகை வழக்கில், குற்றம் செய்திலன் என நம்புதற்குக் காரணம் உண்டென நீதிமன்றம் கருதினாலன்றிப் பிணையும் கிடைத்தல் அரிது. வைத்திருந்தான் என்பது நாட்டப்படின், அறிந்தே வைத்திருந்தான் என்று சட்டம் ஊகித்துக்கொள்கின்றது. அறியேன் என்பதை அவனே மெய்ப்பிக்க வேண்டும். பிற வழக்குகளில் அரசின் தோளில் இருக்கும் சுமையின் ஒரு பகுதி இங்கே ஏழையின் தோளுக்கு மாறுகின்றது. துணைவர் வேண்டியவன் இவனன்றி வேறு யார்?

இச்சட்டத்தில் கஞ்சா என்பது செடியின் பூத்த, காய்த்த நுனிகளே. நுனியொடு சேராத விதையும் இலையும் அச்சொல்லின் பொருளில் அடங்கா. ஆகவே மூட்டையில் இருந்தது நுனியா இலையா, எடை போட்டவர் யார், மாதிரி நடுவர் முன்னிலையில் எடுக்கப்பட்டதா என்பன சொல்விளையாட்டுகள் அல்ல. ஓர் இளைஞனுடைய வாழ்நாளிற் பத்தாண்டைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல வினாக்கள். ஒருவனது உடலைச் சோதிக்குமுன், நடுவரிடமோ உயர் அலுவலரிடமோ கொண்டு செல்லுமாறு கேட்கும் உரிமை உனக்கு உண்டென்று அவனுக்கு அறிவித்தல் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு ஆயம் 2010-ஆம் ஆண்டில் உறுதி செய்தது. போதைப் பொருள் தடுப்பு அலுவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு ஒருவனைத் தண்டித்தல் ஆகாது என்ற தீர்ப்பு, தூபான் சிங் என்பாருக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே நடந்த வழக்கில் 2020 அக்டோபர் 29 அன்று பிறந்தது. இவ்வுரிமைகள் வானினின்று வீழ்ந்தவை அல்ல. கஞ்சாக்காரனின் வக்கீல் என்று ஊரார் இகழ்ந்தவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெற்றவை.

கஞ்சா மருந்தன்றோ என்று வினவுவாரும் உளர். அமெரிக்காவின் கலிபோர்னியா நாடு 1996-ஆம் ஆண்டில் மருத்துவர் பரிந்துரைத்தால் நோயாளி அதனைப் பயன்படுத்தலாம் என்று சட்டம் செய்தது. பிற நாடுகள் பலவும் பின்தொடர்ந்தன. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப் பொருள் ஆணையம், மிகக் கடிய தடைக்குரிய பொருள்களின் வரிசையினின்று கஞ்சாவை 27-க்கு 25 என்ற வாக்குகளால் நீக்கியது. இந்தியாவும் நீக்குதற்கே வாக்களித்தது. நம் சித்த மருத்துவமும் கஞ்சாவை முறைப்படி தூய்மை செய்து சில மருந்துகளிற் சேர்ப்பதை அறியும். ஆயினும் வலிக்காகப் புகைத்தேன் என்று கூறித் தப்பும் வழி இந்நாட்டுச் சட்டத்தில் இன்று இல்லை. உரிமம் பெற்ற மருந்து வேறு, தெருவில் வாங்கிய பொட்டலம் வேறு. இவ்வுண்மையை மறைத்துக் கட்சிக்காரனிடம் பணம் பெறும் வழக்கறிஞர் அவனை இருமுறை கெடுக்கின்றார். செம்மையாளரோ வேறு வழி காட்டுவார். சிறிதளவு வைத்திருந்து தண்டனைக்குள்ளான அடிமையைச் சிறைக்கு அனுப்பாது மருத்துவத்துக்கு அனுப்ப அச்சட்டத்தின் 39-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு இடந்தருகின்றது. சிகிச்சை வேண்டித் தானே முன்வருபவனுக்கு 64அ பிரிவு காப்பளிக்கின்றது. விடுதலை கேட்பது மட்டும் வாதம் அன்று. மருந்து கேட்பதும் வாதமே.

“பொய் என்று அறிந்தும் பேசலாமோ?” என்று எம் எதிர்க்கட்சி நண்பர் ஒருவர் இடித்துக் கேட்டார். பேசலாகாது என்பதே எம் விடையும். பொய்ச்சாட்சியை உருவாக்குபவரும், சாட்சியை விலைக்கு வாங்குபவரும், இறந்தவரின் ஏழைக் குடும்பத்தை அச்சுறுத்துபவரும் வழக்கறிஞர் என்னும் பெயர்க்கு உரியர் அல்லர். ஆயின் ‘மெய்ப்பித்துக் காட்டுக’ என்று அரசை நோக்கிக் கூறுதல் பொய்யன்று. இங்கிலாந்தில் தாமஸ் எர்ஸ்கின் என்பார், ஊரே பகைத்த தாமஸ் பெயினுக்காக 1792-ஆம் ஆண்டில் வாதாடினார். அதனால் இளவரசரிடம் தாம் வகித்த பெரும் பதவியை இழந்தார். நம் கோயம்புத்தூரில், வழக்கறிஞர்க்கும் காவலர்க்கும் மூண்ட பூசலில் குற்றஞ்சாட்டப்பட்ட காவலர்களுக்காக எவரும் வாதாடலாகாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானித்தது. அத்தகைய தீர்மானங்கள் செல்லா என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அங்கே துணையின்றி நின்றவர் காவலர் என்பதை நண்பர்கள் உன்னுக. இன்று பிடிப்பவர் நாளைப் பிடிபடலாம். வாதத்தின் கதவு எல்லார்க்கும் திறந்திருந்தாலன்றி எவர்க்கும் திறந்திராது.

தமிழ் பயில்வோர்க்கு இதனை நெடிது விளக்க வேண்டுவதில்லை. மதுரையில் கோவலன் கொலையுண்டது எவ்வாறு? குற்றஞ்சாட்டிய பொற்கொல்லன் பேசினான், அரசன் ஆணையிட்டான், கோவலனுக்காக ஒருவரும் பேசவில்லை. காவலர் சிலர் ‘இவன் கள்வன் போலத் தோன்றவில்லையே’ என ஐயுற்றனர். அவ்வையத்தை அரசன் செவிக்குக் கொண்டு செல்வார் இலர். அவனை வாளால் வெட்டியவனோ கள்ளுண்டு களித்த ஒருவன். கண்ணகியின் வாதம் வென்றது. ஆயின் தீர்ப்புக்குப் பின் வந்த வாதமாதலின் உயிர் மீளவில்லை, நகரும் மிஞ்சவில்லை. மனுநீதிச் சோழன் தன் மகனைத் தேர்க்காலில் இட்டபோது எவ்வழக்கறிஞரை நாடினான் என்று கேட்பீராயின், அங்கும் அமைச்சர்கள் இளவரசனுக்காகப் பேசியதைப் பெரியபுராணம் மறைக்கவில்லை. அரசன் அவர்களைக் கேட்ட பின்னரே தன் வழியைத் துணிந்தான். விவிலியத்திலும் நிக்கொதேமு என்னும் முதியவர், ஒருவனைக் கேளாமுன் அவனைத் தீர்த்தல் முறையோ எனத் தம் அவையாரை வினவியமையை நாம் படித்திருக்கின்றோம்.

எம் ஸ்ரீபெரும்புதூரே இதற்குப் பெருஞ்சான்று. 1991 மே 21 அன்று முன்னாள் தலைமையமைச்சர் ராஜீவ் காந்தி அவ்வூரிற் குண்டுவெடிப்பால் மாண்டார். உடன் மாண்டவர் பலர். அவர்களுக்காக நாடே அழுதது, அழுதது தகும். 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லித் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவருள் 19 பேரைக் கொலைக் குற்றத்தினின்று விடுவித்தது. எஞ்சிய சிறு குற்றங்களுக்குரிய தண்டனையை அவர்கள் முன்பே கழித்துவிட்டனர். மேல்முறையீட்டில் அவர்களுக்காகப் பேசிய வழக்கறிஞர் கொலையையோ பகையையோ ஆதரித்தவர் அல்லர். அவரும் வாய் திறவாதிருப்பின், அக்குற்றத்துக்குரியர் அல்லாத 19 உயிர்கள் கயிற்றில் தொங்கியிருக்கும். இறந்தோர்க்கு அதனால் ஒரு நன்மையும் விளைந்திராது. நாடு முழுதும் கண்ணீரோடு நோக்கிய வழக்கிலேயே இஃது இவ்வாறாயின், எவரும் நோக்காத ஒரு வேன் ஓட்டியின் வழக்கிலும், பெயர் தெரியாத ஒடிசா இளைஞன் வழக்கிலும் என்ன நேராது?

இன்னொன்றும் கூறுவோம். 2003-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையாக விற்பது அரசின் டாஸ்மாக் நிறுவனமே. ஒரு கையால் விற்று மறு கையால் பிடிக்கும் அரசு, பிடித்தது முறையோ என்று கேட்கப்படுதற்குக் கூசலாகாது. நெடுஞ்சாலைகளுக்கு 500 மீட்டருக்குள் மதுக்கடை ஆகாதென்று 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டதும், தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு தொடர்ந்து நடத்திய வழக்கிலேதான். மறு ஆண்டில் நகரெல்லைகளுக்கு அவ்விதி தளர்த்தப்பட்டதாயினும், குடித்தவனுக்காகப் பேசுவதும் குடியைச் சாலையினின்று விலக்குவதும் ஒரே தொழிலின் இரு கைகள் என்பது இதனால் விளங்கும். மதுவிலக்கு நாளில் உறுதிமொழி எடுக்கும் நாமும் அவ்விரண்டையும் ஒருங்கே போற்றலாம், முரண் இல்லை.

ஆதலின் நாம் செய்யத்தக்கது யாது? 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், காவலில் உள்ளவர்க்கும் தொழிலாளர்க்கும் இலவச வழக்கறிஞரைப் பெறும் உரிமை தந்துள்ளது. ஒரகடத்து ஆலைத் தொழிலாளி இவ்விரண்டாலும் அதற்கு உரியன். 15100 என்ற தொலைபேசி எண்ணில் அவன் அதனைக் கேட்கலாம். ஆயின் அதனை அவன் மொழியில் அவனுக்குச் சொல்வார் மிகச் சிலரே. நம் கல்லூரியில் இந்தி அறிந்தார் உளர். வங்காளம் அறிந்தாரும் சிலர் உளர். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை அவர்கள் குடியிருப்புக்குச் சென்று, கைதானால் வழக்கறிஞரைக் கேட்கும் உரிமை அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்பில் உளதென்றும், படித்து அறியாத தாளிற் கையெழுத்திடற்க என்றும், குடித்த இரவில் சாவியைத் தொடற்க என்றும் சொல்லி வருதல் நம்மால் இயலாததன்று. சட்டம் பயிலச் செல்லும் நண்பர்கள் இவ்வழக்குகளை இழிவெனத் தள்ளாது ஏற்பாராக.

சென்ற விடுமுறையில் இக்கட்டுரையின் பொருளைப் பெரிய தாயாரிடம் மெல்ல எடுத்துரைத்தோம். சினப்பார் என்று அஞ்சினோம், சினக்கவில்லை. முறத்தில் அரிசியைப் புடைத்தபடியே நெடுநேரம் கேட்டிருந்து, “சரியப்பா, அவனுக்காக அந்த வக்கீல் சரியாகத்தான் கேட்டார். எனக்காகக் கேட்க வேண்டியவர்கள் ஏன் அன்றைக்குச் சரியாகச் செய்யவில்லை?” என்றார்.

எம்மிடம் விடையில்லை. இரு பக்கத்தும் செம்மையாகப் பேசுவார் இருந்தாலன்றி நீதி ஒரு பக்கத்துக்கும் இல்லை என்பதை, நூல் பல படித்து யாம் அறிந்ததனை, அவர் இழப்பினால் அறிந்திருந்தார். அவருடைய வினாவுக்கு விடையாக நிற்கப் போவோர் நம் வகுப்புகளில் இன்று அமர்ந்திருப்பவர்களே. வேறெங்கிருந்தும் அவர்கள் வரப் போவதில்லை.